கொலையாளி யார்னு சொல்ற கடைசிப் பக்கமே இல்ல! தமிழ்ல துப்பறியும் நாவல் எழுதி மறந்துபோனவங்க யார்? இப்போ எங்கே படிக்கலாம்?

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பாட்டி வீட்டுப் பரணில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. அதனால் தலைப்பும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. மயிலாப்பூரில் ஒரு பங்களா, காணாமல் போன வைர அட்டிகை, நடுராத்திரியில் வந்து நின்ற ஜட்கா வண்டி, கிணற்றடியில் கிடந்த கணக்குப்பிள்ளையின் பிணம். ஒரே மூச்சில் படித்தேன். துப்பறிபவர் வீட்டில் இருக்கும் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைக்கிறார். கொலையாளி இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார் என்கிறார். பக்கம் 212. அதோடு புத்தகம் முடிந்துவிட்டது. மீதியைக் கரையான் தின்றுவிட்டது.

"இதை எழுதினது யாரு பாட்டி?" என்று கேட்டேன். "உங்க தாத்தா வாங்கினது. அந்தக் காலத்துல ஆளுக்கு ஆள் கைமாத்திப் படிப்போம். எழுதினவன் பேரை யாரு பார்த்தா?" என்றார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தமிழில் க்ரைம் நாவல் என்றால் நமக்கு சுஜாதா தெரியும், ராஜேஷ்குமார் தெரியும். கொஞ்சம் பின்னால் போனால் தமிழ்வாணனின் சங்கர்லால், தேவனின் துப்பறியும் சாம்பு. அதற்கும் முன்னால்? தமிழில் துப்பறியும் கதையின் வயது 130 வருடங்களுக்கு மேல். அதில் முதல் 50 வருடங்களில் எழுதியவர்களின் பெயர்கள் இன்று பெரும்பாலான வாசகர்களுக்குத் தெரியாது. இத்தனைக்கும் அவர்கள் ஒரு காலத்தில் ஸ்டார் எழுத்தாளர்கள்.

தமிழின் முதல் துப்பறிவாளர் யார்?

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது 1879-ல். அடுத்த 15 வருடத்திலேயே துப்பறியும் கதை வந்துவிட்டது. 1894-ல் பண்டித ச.ம.நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணரை வைத்து எழுதிய புத்தகத்தைத்தான் தமிழின் முதல் துப்பறியும் புனைகதை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

நடேச சாஸ்திரி சும்மா பொழுதுபோக்குக்கு எழுதியவர் இல்லை. பல மொழி தெரிந்தவர். தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டவர். அப்படிப்பட்ட ஒருவர் போலீஸ் கதை எழுதினார் என்றால், அன்றைக்கு அது எவ்வளவு புது விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லண்டனில் ஷெர்லாக் ஹோம்ஸ் முதல்முறை அச்சில் வந்தது 1887-ல். வங்காளத்தில் பிரியநாத் முகோபாத்யாய் என்ற போலீஸ் அதிகாரி தன் துப்பறியும் அனுபவங்களைத் தொடராக வெளியிடத் தொடங்கியது 1892-ல். தமிழில் 1894. நாம் ஒன்றும் லேட்டாக வரவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் 'டிக் டோனவன்' என்ற துப்பறிவாளரின் கதைகள் ரொம்பப் பிரபலம். டோனவன், தானவன். ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க பெரிய துப்பறிவாளர் எல்லாம் தேவையில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என்.எஸ்.கே, பி.யு.சின்னப்பா, மனோகர்: மூணு பேருக்கும் என்ன தொடர்பு?

இந்த எழுத்தாளர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள் என்று புரிய வைக்க சினிமாதான் சுலபமான வழி.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்து முதலில் வெளியான படம் 'மேனகா', 1935. பி.யு.சின்னப்பாவின் முதல் படம் 'சந்திரகாந்தா', 1936. ஆர்.எஸ்.மனோகரின் முதல் படம் 'ராஜாம்பாள்', 1951. நம்பியார் வில்லனாக இல்லாமல் ஹீரோவாக, மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடம் போட்டு அசத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் படம் 'திகம்பர சாமியார்', 1950. டி.ஆர்.மகாலிங்கம் நடித்த 'மோகனசுந்தரம்', 1951.

இந்த ஐந்து படங்களுமே நாவல்களிலிருந்து வந்தவை. ஐந்தையும் எழுதியவர்கள் இரண்டே பேர். மேனகாவும் திகம்பர சாமியாரும் வடுவூர் கே.துரைசாமி ஐயங்கார் எழுதியவை. மற்ற மூன்றும் ஜே.ஆர்.ரங்கராஜு எழுதியவை. நடிகர்கள் பெயர் இன்றும் நிற்கிறது. கதை எழுதியவர்கள் பெயரைச் சொன்னால் "யாரு?" என்கிறோம்.

யார் இந்த ஜே.ஆர்.ரங்கராஜு?

ராஜேஷ்குமார் 1,500 நாவலுக்கு மேல் எழுதியவர் என்று தெரியும். ரங்கராஜு அதற்கு நேர் எதிர். அவர் எழுதிய நாவல்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த 'இராஜாம்பாள்' அவருடைய முதல் வெற்றி. அடுத்தடுத்து பதிப்பு போய்க்கொண்டே இருந்த புத்தகம். நாயகி கொலையாகிவிட்டதாக நம்பப்பட, பழி அவளைக் காதலித்தவன் மேலேயே விழும். அந்த முடிச்சை அவிழ்க்க வருபவர் துப்பறியும் கோவிந்தன். இந்தக் கோவிந்தன்தான் ரங்கராஜுவின் நிரந்தர ஹீரோ. ஒரே துப்பறிவாளர் நாவலுக்கு நாவல் திரும்பி வந்து, வாசகர்கள் அவருக்காகவே அடுத்த புத்தகத்தை வாங்குகிற பழக்கம் சங்கர்லாலுக்கும் கணேஷ்-வசந்துக்கும் ரொம்ப முன்னாடியே இங்கே இருந்திருக்கிறது.

'சந்திரகாந்தா' இன்னும் துணிச்சலானது. மடாதிபதிகள் செய்யும் அக்கிரமங்களை வெளிப்படையாகக் கிண்டல் செய்த கதை. 1936-ல் ராஜா சாண்டோ அதைப் படமாக எடுத்தபோதும் பேசப்பட்டது அந்தக் கிண்டல்தான். மர்மக் கதை என்ற போர்வைக்குள் வைத்துச் சொன்னதால், நேரடியாகக் கட்டுரை எழுதினால் படிக்காத ஆட்களும் அதைப் படித்தார்கள்.

தாசில்தார் வேலையை விட்டுட்டு நாவல் எழுத வந்தவர்

வடுவூர் துரைசாமி ஐயங்கார் கதை தனி சுவாரஸ்யம். மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் வடுவூர்க்காரர். 1880-ல் பிறந்து 1942-ல் காலமானார். தாசில்தாராக இருந்தவர், எழுத்துக்காக அந்த வேலையை விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் தாசில்தார் என்றால் எப்படிப்பட்ட உத்தியோகம்! வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. 'மனோரஞ்சினி' என்ற இதழையும் அவர் நடத்தினார்.

அவருடைய துப்பறிவாளர் திகம்பர சாமியார். சாமியார் என்றதும் காவி, கமண்டலம் என்று நினைக்க வேண்டாம். வேஷம் மாற்றுவதில் கெட்டிக்காரர், சட்டம் தெரிந்தவர், குற்றவாளியின் பின்னாலேயே நிழல் மாதிரி போகிறவர். போலீஸ்காரரும் இல்லை, லண்டன் பாணி தனியார் டிடெக்டிவும் இல்லை. யார் வீட்டுத் திண்ணையிலும் ஒரு சாமியார் போய் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் துப்பறிய இதைவிடப் பொருத்தமான வேஷம் இருக்க முடியுமா? வெளிநாட்டு மாதிரியை வாங்கி நம்ம ஊர் மண்ணில் நட்டார் என்பதற்கு இதுதான் நல்ல உதாரணம்.

'மேனகா' நாவலை எடுத்துக்கொள்வோம். (கொஞ்சம் கதை சொல்லப் போகிறேன். முழு சஸ்பென்ஸோடு படிக்க விரும்புகிறவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம்.) மேனகா ஒரு டெபுடி கலெக்டரின் மகள். கணவன் வக்கீல். புகுந்த வீட்டில் கணவனின் அக்காமார் கொடுமை. அந்தக் கொடுமை எந்த அளவுக்குப் போகிறது என்றால், பணத்துக்காக அவளை ஒரு பணக்காரரிடம் விற்றே விடுகிறார்கள். வெளியே சொல்வது, மேனகா யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்று. அவளைக் காப்பாற்றுவது யார்? அந்தப் பணக்காரரின் மனைவி நூர்ஜஹான். ஒரு இந்துப் பெண்ணின் மானத்தையும் உயிரையும் ஒரு முஸ்லிம் பெண் காப்பாற்றுகிறாள், தன் கணவனையே எதிர்த்து நின்று. 100 வருஷத்துக்கு முந்தைய கமர்ஷியல் நாவல் இது.

இங்கே மர்மம் என்பது வெறும் 'யார் செய்தது' இல்லை. நாத்தனார் கொடுமை, வரதட்சணைப் பேராசை, ஒரு பெண் வீட்டை விட்டுக் காணாமல் போனால் ஊர் முதலில் அவள் நடத்தையைத்தான் சந்தேகிக்கும் என்ற நிலைமை. படித்துக்கொண்டிருந்த பல பெண்களுக்கு இது கற்பனை இல்லை, பக்கத்து வீட்டு விஷயம். சில பேருக்குச் சொந்த வீட்டு விஷயம்.

எழுதப் படிக்கவே சரியாத் தெரியாத ஒருவர் 115 நாவல் எழுதின கதை

இந்த வரிசையில் நான் அதிகம் ஆச்சரியப்பட்டது வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பார்த்துத்தான். 1901-ல் பிறந்தவர். ஐந்து வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கதை சொல்ல வரும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, எழுதிக் கொடுத்தவர் தோழி பட்டம்மாள்.

அடுத்து 'வைதேகி' என்ற நாவல். துப்பறியும் கதை. அதை ஊக்கப்படுத்தியது யார் தெரியுமா? நம்ம வடுவூர் துரைசாமி ஐயங்கார்தான். நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தச் சொல்லி யோசனை கொடுத்தவரும் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. 1925-ல் கோதைநாயகி அந்த இதழைக் கையில் எடுத்தார். பெண் ஒருவர் பத்திரிகை ஆசிரியராக, பதிப்பாளராக, அதில் தொடர்கதையும் எழுதுகிறவராக இருப்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் எழுதிய நாவல்கள் 115. சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி 1932-ல் ஜெயிலுக்கும் போனார். மேடையில் பேசினார், பாடினார். எல்லாம் சரி, ஆனால் "முதல் பெண் பத்திரிகையாசிரியர்களில் ஒருவர்", "விடுதலைப் போராட்ட வீராங்கனை" என்று நினைவுகூரும் அளவுக்கு, துப்பறியும் கதை எழுதிய பெண் என்று அவரை யாரும் பேசுவதில்லை. அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920-ல் வந்தது. ஐந்து வருட இடைவெளியில் திருவல்லிக்கேணியில் ஒரு பெண் மர்மக் கதை எழுதிக்கொண்டிருந்தார். ஒருவரை உலகம் முழுக்கத் தெரியும். இன்னொருவரை நம்ம தெருவிலேயே தெரியாது.

ஆரணி குப்புசாமி முதலியார்: காப்பியா, சேவையா?

இப்போது கொஞ்சம் சிக்கலான ஆளுக்கு வருவோம். ஆரணி குப்புசாமி முதலியார், 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக இருந்தவர். 1925-ல் காலமானார். அவர் பெயரில் வந்த நாவல்கள் ஏராளம். பல பாகங்களாக வந்த 'இரத்தினபுரி இரகசியம்' அதில் ரொம்பப் பிரபலம்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை அவருடைய சொந்தக் கதைகள் இல்லை. இங்கிலாந்தில் ஜி.டபிள்யூ.எம்.ரெனால்ட்ஸ் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். லண்டனின் இருட்டுப் பக்கங்களை, பிரபுக்களின் ரகசியங்களை எல்லாம் வாராவாரம் மலிவு விலைத் தொடராக எழுதித் தள்ளியவர். இங்கிலாந்தில் அவரை மறந்த பிறகும் இந்தியாவில் அவர் கதைகளுக்குக் கூட்டம் குறையவில்லை. ஆரணியார் அந்தக் கதைகளை எடுத்தார், ஊர்களை மாற்றினார், பெயர்களைத் தமிழாக்கினார், பிரபுவை ஜமீன்தாராக்கினார். ஷெர்லாக் ஹோம்ஸையும் விடவில்லை. நம்ம ஆரணியார் கையில் அவர் 'ஆனந்தசிங்' ஆனார்.

இதுக்குப் பேர் தழுவல். இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால், ட்ரெய்லர் வந்த பத்து நிமிஷத்தில் "ஒரிஜினல் கொரியன் படம்" என்று சோஷியல் மீடியாவில் கிழித்துத் தொங்கவிடுவோம். அன்றைக்கே எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தழுவல் கூடாது, மொழிபெயர்ப்புதான் நேர்மையான வழி என்று புதுமைப்பித்தன் 1930-களில் கடுமையாக வாதிட்டார்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மூல ஆசிரியரின் பெயரை மறைப்பது தப்புதான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலம் தெரியாத ஒரு வாசகர், விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து 400 பக்கம் படிக்கிற பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது இந்த மாதிரிப் புத்தகங்களால்தான். வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' புத்தகம் இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. அதுவரை தமிழ்நாட்டில் படிப்பது என்றால் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பது. தனியாக, வாய்விட்டுச் சொல்லாமல், மனசுக்குள் படிப்பது நாவலோடு சேர்ந்து வளர்ந்த பழக்கம். யோசித்துப் பாருங்கள், கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ள அடுத்தவர் வாசித்து முடிக்கும் வரை யாரால் பொறுமையாக இருக்க முடியும்?

இதனாலேயே பயமும் வந்தது. நாவல் படித்தால் இளைஞர்கள் கெட்டுப்போவார்கள், பெண்கள் கையில் நாவல் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்குப் பெரியவர்கள் எழுதிக் குவித்தார்கள். இப்போது மொபைலைப் பற்றி நம்ம வீட்டில் சொல்வதை அப்படியே புத்தகத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பிரபலமா இருந்தவங்க எப்படிக் காணாமப் போனாங்க?

முதல் காரணம், இதை இலக்கியம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் பி.ஏ. தமிழ் படித்தவன். நாவல் வரலாறு பற்றிய தாளில் வேதநாயகம் பிள்ளை, ராஜம் ஐயர், மாதவையா மூவரையும் பக்கம் பக்கமாகப் படித்தோம். அடுத்து கல்கி வந்துவிட்டார். நடுவில் இருந்த காலத்துக்கு, துப்பறியும் நாவல்கள் சிலவும் தோன்றின என்கிற அளவில் ஒரே ஒரு வரி. பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வராது, அதனால் யாரும் அடிக்கோடு கூடப் போடவில்லை. வேடிக்கை என்னவென்றால், நாங்கள் பக்கம் பக்கமாகப் படித்த ராஜம் ஐயரின் நாவலுக்கே முழுத் தலைப்பு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. பாதி க்ரைம் நாவல் தலைப்பு மாதிரிதான் இருக்கிறது.

இரண்டாவது காரணம் மொழி. வடுவூரார், ரங்கராஜு எழுதிய தமிழில் சமஸ்கிருதச் சொற்கள் நிறைய. வாக்கியம் ஒரு பத்தி நீளம் போகும். 1950-களுக்குப் பிறகு தமிழ் நடையே மாறியபோது, இவை திடீரென்று தாத்தா காலத்துப் புத்தகங்கள் ஆகிவிட்டன. தமிழ்வாணன் வந்து சின்னச் சின்ன வாக்கியத்தில், நல்ல தமிழில், விமானத்தில் பறக்கும் சங்கர்லாலைக் கொடுத்ததும் புது வாசகர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நடுவில் மேதாவி, சிரஞ்சீவி என்று எழுதிய துப்பறியும் கதைக்காரர்களும், பேய்க் கதைகளில் பெயர் வாங்கிய பி.டி.சாமியும் வாடகை நூல் நிலையங்களில் கைகைகளாக மாறிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடகை நூல் நிலையங்கள் மூடியபோது அவர்களும் கூடவே போனார்கள்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம், பேசப்படாதது. காகிதம்.

மலிவு நாவல்கள் மலிவுக் காகிதத்தில்தான் அச்சாகும். மரக்கூழில் செய்த அந்தக் காகிதத்தில் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும். காகிதத்திலேயே இருக்கும் அமிலம் நார்களை அரித்துக்கொண்டே போகும். கடைசியில் மடித்தாலே அப்பளம் மாதிரி உடையும். இதற்கு மேல் நம்ம ஊர் வெயில், ஈரப்பதம், கரையான். ஓலைச்சுவடி சில நூறு வருஷம் தாங்கியது. 1980-களில் வந்த பாக்கெட் நாவல் 40 வருஷம்கூடத் தாங்குவதில்லை. வீட்டில் பழைய மாத நாவல் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஓரம் கையோடு வரும்.

அதோடு அந்தக் காலத்து நாவல்கள் பாகம் பாகமாக வந்தவை. முதல் பாகம் ஒரு வீட்டில், மூன்றாம் பாகம் வேறொரு ஊரில், இரண்டாம் பாகம் பழைய பேப்பர்காரரிடம். மற்ற நாவலில் ஒரு பாகம் இல்லாவிட்டால் குறைதான். மர்ம நாவலில் கடைசிப் பாகம் இல்லாவிட்டால் மொத்தமும் வீண்.

மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தினது யார்?

இதில் நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆள் ஒரு விளம்பரப் பலகை ஓவியர். கோட்டையூர் ரோஜா முத்தையா. பெரிய இலக்கியம், சின்ன இலக்கியம் என்று பிரிக்காமல், நாவல், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சான எதையும் வாங்கிச் சேர்த்தவர். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டு போகவில்லை. சென்னையிலேயே 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது வளர்ந்தது. பல பழைய நாவல்கள் மைக்ரோஃபிலிமில் பிழைத்துக் கிடப்பது இதனால்தான். யாரும் மதிக்காத புத்தகத்தையும் ஒருவர் குப்பையில் போடாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான் விஷயம்.

2008-ல் சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம், தமிழ் மாத நாவல் உலகத்திலிருந்து 10 எழுத்தாளர்களின் கதைகளை பிரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது. பஸ் ஸ்டாண்ட் கடையில் கயிற்றில் தொங்கிய நாவல்களை உலகம் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான். நம்ம ஆட்களும் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான் என்பது கொஞ்சம் உறுத்தலாக இருக்கிறது.

இப்போ ஃப்ரீயா படிக்க முடியுமா? சட்டம் என்ன சொல்லுது?

முடியும், சட்டப்படியே. இந்தியாவில் ஒரு எழுத்தாளர் இறந்து, அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு 60 ஆண்டுகள் வரை காப்புரிமை இருக்கும். முன்பு இது 50 ஆண்டாகத்தான் இருந்தது. 1941-ல் இறந்த தாகூரின் படைப்புகளுக்குக் காப்புரிமை முடியப்போன நேரத்தில், கூடுதலாக 10 ஆண்டு சேர்த்துச் சட்டம் திருத்தப்பட்டது.

கணக்குப் போட்டால், 1942-ல் இறந்த வடுவூராரின் நாவல்கள் 2003 தொடக்கத்திலிருந்து பொதுவுடைமை. 1960-ல் இறந்த கோதைநாயகி அம்மாளின் எழுத்துகள் 2021 தொடக்கத்திலிருந்து. நடேச சாஸ்திரி, ஆரணியார் எழுத்துகள் எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டன. ஆனால் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா போன்றவர்களின் நாவல்களை டெலிகிராமில் பி.டி.எஃப்.பாக இறக்கிப் படிப்பது வேறு கதை. அது திருட்டு. துப்பறியும் நாவலையே திருடிப் படித்தால் எப்படி?

தேடுவதற்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தொடங்குங்கள். 'வடுவூர்' என்று மட்டும் போட்டால் போதும். மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றிலும் பழைய நாவல்கள் இருக்கின்றன. புத்தகமாகவே வேண்டும் என்றால், அல்லயன்ஸ் பதிப்பகம் வடுவூரார் நாவல்களை மறுபதிப்பு செய்திருக்கிறது. மொபைலில் படிப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ்: ஸ்கேன் செய்த பி.டி.எஃப். சின்ன ஸ்க்ரீனில் கண்ணைக் கெடுக்கும், எழுத்து வடிவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் நான் 'மேனகா' என்பேன். முதல் 30 பக்கம் இழுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் வீட்டிலிருந்து காணாமல் போன பிறகு கீழே வைக்க முடியாது. 'சுழல்' மாதிரி வெப் சீரிஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேகம் கம்மியாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். எபிசோடு முடிவில் நாம் இன்றைக்குப் பார்க்கும் அதே வித்தை.

பாட்டி வீட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். எழுத்து நடையை வைத்து வடுவூராராக இருக்குமோ என்று தேடினேன், கிடைத்தவற்றில் இல்லை. ரங்கராஜுவிலும் துப்பறிபவர் பெயர் ஒத்துப்போகவில்லை. 212 பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மயிலாப்பூர் பங்களா, வைர அட்டிகை, கிணற்றடியில் கணக்குப்பிள்ளை. உங்கள் வீட்டுப் பரணில் இந்தக் கதையின் கடைசிப் பக்கங்கள் இருந்தால் எங்கள் பேஜுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். பாட்டிக்கு 84 வயது. கொலை பண்ணினது அந்த வீட்டு டாக்டர்தான் என்று பிடிவாதமாகச் சொல்கிறார். எனக்கு மருமகன் மேல் சந்தேகம்.